கொல்லைப்புறத்தில் ஊதிய குழல்



வீட்டுப் பண்டிகைகளில் ஏர் ஹாரன் ஊதும் வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் இதழாசிரியர் கேட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். என் தந்தையார் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வந்து வெல்ல மண்டி ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவர். நான் சித்தூரில் பத்தாம் வகுப்புத் தேறி, பின்னர் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இப்போது திருப்பதியில் பணிபுரிகின்றேன். என்னினும் கற்றவர் பலர் நம் சங்கத்தில் உளர். ஆயினும் அக்குழலை ஊதித் துன்பம் விளைவித்தது என் வீடு. ஆதலின் நானே எழுதுவது முறை எனத் துணிந்தேன்.

போகி விடியலில்

எங்கள் வீடு, இரயில் நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில், வரிசையாய் அமைந்த பழைய வீடுகளுள் ஒன்று. ஒவ்வொரு வீட்டின் பின்னும் ஒரு சிறு கொல்லை. கொல்லைக்கும் கொல்லைக்கும் இடையே ஆள் உயரச் சுவர். அடுத்த வீட்டில் எழுபது வயது கடந்த தெலுங்கு அம்மையார் ஒருவர் தம் மகனுடன் வாழ்கின்றார். மகன் சரக்கு வண்டியில் கார்டு. என் பிள்ளைகளுக்கு அவ்வம்மையார் 'அவ்வா'. நாங்கள் இங்குக் குடிவந்த புதிதில், எரிவாயு இணைப்புக் கிடைக்கும்வரை, தம் அடுப்பிலேயே எங்களுக்கும் உலை வைத்துக் கொடுத்தவர். ஊரும் மொழியும் வேறாக இருந்தும் எங்களை வேற்றாராக அவர் ஒருநாளும் கருதியதில்லை.

சென்ற பொங்கலுக்கு என் மைத்துனன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வரும்போது என் மகனுக்கென ஏர் ஹாரன் ஒன்று வாங்கி வந்தான். கைக்குள் அடங்கும் தகரக் குப்பி. அதன் தலையில் சிவப்புப் பிளாஸ்டிக் குழல். பொத்தானை அழுத்தினால் லாரியின் ஹாரனும் நாணும்படியான பேரோசை கிளம்பும். நான் முகம் சுளித்தேன். "ஆண்டுக்கு ஒரு நாள்தானே, மாமா!" என்றான். நானும் சிரித்து இசைந்துவிட்டேன்.

போகிக்கு முந்திய இரவு கார்டு நண்பர் பணிக்குப் புறப்படுகையில் எங்கள் வாயிலில் நின்றார். "அண்ணா, நான் நாளைக் காலைதான் திரும்புவேன். அம்மா தனியே இருக்கிறார். சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். "கவலையின்றிப் போய் வாருங்கள்" என்று விடை கொடுத்தேன்.

விடியற்காலை நான்கரை மணிக்குக் கொல்லையில் போகித் தீ மூட்டினோம். பழைய பாயும் உடைந்த முறமும் எரிந்தன. பிள்ளைகள் சிறு பறைகளைக் கொட்டினர். மைத்துனன் ஹாரனை ஊதிக் காட்டினான். பின்னர் அது கைக்குக் கை மாறியது. விட்டு விட்டு ஊதுவதும், இடையே பறை கொட்டுவதும், கூவுவதுமாக இருபது நிமிடங்கள் கழிந்தன. இறுதியில் குப்பி பனிக்கட்டி போலக் குளிர்ந்து, ஓசை தேய்ந்து, கிழவர் இருமல் போலாகி நின்றுவிட்டது. பிள்ளைகளும் களைத்து ஓய்ந்தனர். அந்த அமைதியிலேதான் சுவருக்கு அப்பாலிருந்து "நாயனா... நாயனா..." என்னும் மெல்லிய குரல் என் செவியில் விழுந்தது.

சுவரேறிக் குதித்தேன். பண்டிகைக் குளியலுக்காக நீர் எடுக்க வந்த அம்மையார், துவைக்கும் கல்லருகே ஈரத்தில் வழுக்கி விழுந்து கிடந்தார். மார்கழியின் கடைசி நாள் குளிர், நனைந்த புடைவை, எழ இயலாத நிலை. நாங்கள் ஊதத் தொடங்கியபோதே விழுந்ததாகச் சொன்னார். 108 வண்டியை வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து, மூன்று திங்கள் கழித்துக் கோலூன்றி நடந்தார். இன்றும் கோலின்றி அவரால் கொல்லைக்கு வர இயலாது.

மருத்துவமனையில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. "பிள்ளைகளின் சந்தோஷம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, நாயனா. என் குரல்தான் உங்களுக்குக் கேட்கவில்லை" என்று தெலுங்கில் சொன்னார். கார்டு நண்பரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

குழலின் இயல்பு

அன்று முதல் இக்கருவியைப் பற்றி அறிய முற்பட்டேன். குப்பியினுள் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு அடைக்கப்பட்டிருக்கின்றது. பொத்தானை அழுத்தியதும் வாயு சீறிப் பாய்ந்து, குழலின் அடியிலுள்ள மெல்லிய தகட்டை நொடிக்குப் பல நூறு முறை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வைக் குழல் பேரோசையாக்கி வெளிவிடுகின்றது. திரவம் வாயுவாக மாறுகையில் வெப்பத்தை உறிஞ்சுதலால் குப்பி குளிர்கின்றது. குளிர்ந்தால் அழுத்தம் தளர்ந்து ஓசையும் தேய்கின்றது. எங்கள் கொல்லையில் ஓசை நின்றதற்குக் காரணம் இதுவே. எங்கள் நல்லறிவால் அது நிற்கவில்லை.

ஓசையின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். இது கூட்டல் கணக்கில் ஏறும் அளவு அன்று. பத்து டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகும். இருவர் அமைதியாகப் பேசும் ஓசை ஏறக்குறைய 60 டெசிபல். இக்கை ஹாரன்கள் அருகில் 120 டெசிபல் அளவுக்கு ஒலிக்க வல்லவை. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இக்கணக்குப்படி, ஒரு மீட்டர் தொலைவில் 120 ஆக இருந்த ஓசை, பத்து மீட்டர் தொலைவில் 100 ஆக நிற்கும். எங்கள் கொல்லையிலிருந்து அம்மையாரின் துவைக்கும் கல் பத்து மீட்டர்கூட இராது. நூறு டெசிபல் ஓசையின் ஆற்றல், பேச்சோசையின் ஆற்றலைவிடப் பதினாயிரம் மடங்கு. அதனூடே ஒரு முதியவரின் ஈனக் குரல் எங்ஙனம் கேட்கும்?

செவிக்கு வரும் கேட்டையும் எண்ண வேண்டும். உட்செவியில், நத்தை ஓடு போன்ற உறுப்பினுள், ஓசையை உணரும் மயிரணுக்கள் ஏறக்குறைய பதினையாயிரம் உள்ளன. அவை ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம், ஒருவர் நாள் ஒன்றுக்கு 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் வரையறுத்துள்ளது. அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. குழந்தைகளின் செவியில் ஒரு கணமேனும் 120 டெசிபல் உச்சத்தைத் தாண்டிய ஓசை படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. நாமோ அக்கருவியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, அதன் மழலைச் செவியருகே ஊதக் கண்டு கை தட்டுகின்றோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்குப்பிகள் சிலவற்றில் புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்கள் நிரப்பப்படுகின்றன. நம் அடுப்பில் எரியும் எரிவாயுவும் அவையே. இத்தகைய குப்பிகளை 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற விடலாகாது, சூடேறினால் வெடிக்கும். அதனை நான் போகித் தீயைச் சுற்றி ஆடும் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தேன். அன்று வேறு தீங்கு நேராமற் போனது எங்கள் நற்பேறு.

ஓசைக்குப் பொருள் உண்டு

இரயில்வேயில் பணிபுரியும் எங்களுக்கு ஹாரன் புதிதன்று. எஞ்சினில் அமுக்கி வைத்த காற்றைக் கொண்டு ஒலிப்பதும் ஏர் ஹாரனே. ஆனால் ஓட்டுநர் அதனை மனம்போல் ஊதுவதில்லை. வண்டியை நகர்த்துமுன் ஊத வேண்டும். சுரங்கப் பாதையில் நுழையுமுன் ஊத வேண்டும். ஆளுள்ள கேட்டுக்கு ஏறக்குறைய 600 மீட்டர் முன்னரே மஞ்சள் நிறப் பலகை ஒன்று நட்டிருப்பர். அதனைக் கண்டதும் ஊதத் தொடங்க வேண்டும். நீண்ட ஓசைக்கு ஒரு பொருள். குறுகிய ஓசைக்கு மற்றொரு பொருள். பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாதபோது, சிக்னலுக்கு 270 மீட்டருக்கு அப்பால் தண்டவாளத்தின்மீது இரண்டு வெடிவில்லைகளை வைப்பர். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், ஓட்டுநர் விழிப்படைவார். எங்கள் பணியில் வெடிகூட விளையாட்டன்று; அது ஒரு சொல்.

இக்கைக்குழலும் பிறந்த இடத்தில் பொருளுடையதே. சிறு படகுகளில் எச்சரிக்கைக் கருவியாக இதனை வைத்திருப்பர். 1972இல் வகுத்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, ஒரு குறுகிய ஓசை 'நான் வலப்புறம் திரும்புகின்றேன்' எனப் பொருள்படும். மூடுபனியில் செல்லும் எஞ்சின் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையேனும் நீண்ட ஓசை எழுப்ப வேண்டும். கடலில் உயிர் காக்கும் அக்கருவி, கரையேறி ஆட்டக் களத்துக்கும் ஆண்டுப் பிறப்புக்கும் பிறந்தநாளுக்கும் வந்து, இன்று நம் கொல்லைக்கும் வந்து சேர்ந்துள்ளது.

நம் திருமலைக்கு வாருங்கள். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில், பார்வையைப் பாறை மறைக்கும் இடத்தில், ஓட்டுநர் எழுப்பும் ஹாரன் எத்துணை இன்றியமையாதது! திருப்பதியின் கங்கம்மா ஜாத்திரை மே மாதத்தில் 'சாட்டிம்பு' என்னும் அறிவிப்புடன் தொடங்குகின்றது. பறை முழக்கி ஊராருக்குச் சாற்றும் அது, நம் 'சாற்றுதல்' என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பே. அந்த முழக்கம் கேட்டதும் ஊர் முழுதும் செய்தி அறிகின்றது. தமிழ்நாட்டுத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மன்னன் எழுந்து வந்தான். அம்மணியைத் தெருப் பிள்ளைகள் நாள்தோறும் வேடிக்கைக்காக அடித்திருந்தால் என்னாகும்? பசு அடித்த நாளிலும் மன்னன் எழுந்திருக்க மாட்டான் அன்றோ? எச்சரிக்கைக்குரிய ஓசையை வேடிக்கையாக்கினால், எச்சரிக்கை இறந்துபோகின்றது.

சட்டம் கூறுவது

'நம் வீடு, நம் கொல்லை, நம் பண்டிகை. கேட்க எவருக்கு உரிமை?' என்று சிலர் வினவலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட ஒலி மாசு விதிகள் அதற்கு விடை தருகின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில், குறித்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகலாகாது. அஃதாவது, கொல்லைக்குள் உரிமை உண்டு. அவ்வுரிமைக்குச் சுவரளவே எல்லை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். ரூயா மருத்துவமனையும் சுவிம்ஸ் மருத்துவமனையும் உள்ள நம் நகரில், அவற்றின் அருகே குடியிருப்போர் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. அவசர நிலை நீங்கலாக, இரவு பத்து முதல் காலை ஆறு வரை எவரும் பறை கொட்டவோ, ஊதுகுழல் ஊதவோ, வேறு கருவி ஒலிக்கவோ கூடாதென அது ஆணையிட்டது. நாங்கள் ஊதிய நான்கரை மணி எவ்வகையிலும் இரவே. பண்டிகைக் காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மேற்படாமல் மாநில அரசு தரக்கூடிய சலுகையும் நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு முடிவது. விடியற்காலைக்கு அது பொருந்தாது.

அவ்வழக்குத் தோன்றிய காரணத்தை அறிந்தபோது என் உள்ளம் நடுங்கியது. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கொடுமைக்கு ஆளாகி உதவி கேட்டு அலறினாள். அக்கம்பக்கத்தில் முழங்கிய ஒலிபெருக்கியின் பாட்டில் அவள் குரல் மூழ்கிப் போயிற்று. அன்று மாலையே அவள் தீயில் மாய்ந்தாள். அச்செய்தியே அவ்வழக்குக்கு வித்தாயிற்று. ஓசையால் தூக்கம் கெடும், தலை நோகும் என்றே நாம் பேசுகின்றோம். ஒருவர் நம்மை அழைக்கும் குரல் நம்மை வந்து எட்டாமற் போவதே அதனினும் பெருங்கேடு.

இனிய ஓசைகள் பல உள

பண்டிகையை ஊமையாக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சங்கராந்தி நாள்களில் இப்பகுதியின் தெருக்களுக்கு வரும் இனிய ஓசைகளை எண்ணிப் பாருங்கள். தலையில் பாத்திரம் ஏந்தி, கையில் தம்பூராவுடன், சிடுதலு தட்டிப் பாடிவரும் ஹரிதாசு, நாம் பூம்பூம் மாடு என்பதனை இங்கே கங்கிரெத்து என்பர், அதனுடன் வரும் சன்னாயி, நம் பிள்ளைகளின் போகிப் பறை, பெண்களின் கும்மி. இவற்றுள் எதுவும் மற்றொன்றை விழுங்குவதில்லை. ஏர் ஹாரன் ஒன்று ஊதினால் இவை யாவும் மடிந்துவிடும். 2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியில் வுவுசேலா என்னும் நெடுங்குழல் உலகப் புகழ் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் அதனைத் தடை செய்தது. அக்குழலோசையில் ரசிகர்களின் உணர்ச்சி ஆரவாரம் மூழ்கிவிடும் என்பது அதன் கருத்து. மகிழ்ச்சியைப் பெருக்க வந்த கருவி மகிழ்ச்சியின் குரலையே அடக்கிவிடுவது விந்தையன்றோ?

நாம் செய்யத் தக்கவை

பிழைப்பு நாடி இவ்வூர்களுக்கு வந்த குடும்பங்கள் நாம். அண்டை வீட்டாரே நமக்கு அண்ணன் தம்பியர். அவசரத்தில் முதலில் ஓடி வருவோர் அவர்களே. ஆகவே நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகின்றேன்.

ஒன்று: வீட்டு விழாக்களில் ஏர் ஹாரனை அறவே விலக்குவோம். உறவினர் வாங்கி வந்தாலும், முகத்துக்கு அஞ்சி இசையாதிருப்போம்.

இரண்டு: போகித் தீயை விடியலில் மூட்டினாலும், பறை முழக்கத்தை ஆறு மணிக்குப் பின் வைத்துக்கொள்வோம். இதனைப் பிள்ளைகளுக்கு முந்திய நாளே சொல்லிவிட்டால் அவர்கள் ஏற்பர்.

மூன்று: விழாவுக்கு முன் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவோம். கைக்குழந்தை, நோயாளி, இரவுப் பணி முடித்து உறங்குவோர் உளரா என்று கேட்டறிவோம். இரயில் ஓட்டுநர் ஒருவர் பகலில் உறங்கும் உறக்கம், இரவில் ஆயிரம் பயணிகளின் பாதுகாப்பு.

நான்கு: அரை மணிக்கு ஒருமுறையேனும் எல்லா ஓசையையும் நிறுத்தி ஒரு நிமிடம் செவி கொடுப்போம். எங்கள் வீட்டில் குப்பி தானே நின்றதால்தான் ஓர் உயிர் பிழைத்தது. தானே நிற்கும்வரை காத்திராமல், நாமே நிறுத்துவோம்.

ஐந்து: தனித்து வாழும் முதியோர் கைக்கெட்டும் இடத்தில் மணியோ விசிலோ இருக்கச் செய்வோம். எந்நேரமும் காவல், தீயணைப்பு, மருத்துவ உதவிக்கு 112 என்னும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

ஒலி மாசினால் வரும் தீங்கைப் பாடநூல்களில் சேர்த்துச் சிறுவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பிலேயே கூறியிருக்கின்றது. பள்ளி கற்பிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலேயே தொடங்கலாம்.

என் வீட்டில் நான் செய்தது ஒன்று உண்டு. சித்தூர்க் கடைத்தெருவில் பித்தளை மணி ஒன்று வாங்கி வந்து, எங்கள் கொல்லைச் சுவரின்மேல் மாட்டினேன். அதன் கயிறு அம்மையாரின் துவைக்கும் கல்வரை தாழத் தொங்குகின்றது; விழுந்து கிடந்தாலும் கை எட்டும். என் மகன் முதல்நாள் அதனை இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டான். "இது அவ்வாவுக்கு மட்டும் உரியது, வேடிக்கைக்கு அடித்தால், வேண்டும்போது யாரும் வர மாட்டார்கள்" என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அம்மையார் இதுவரை ஒருமுறைதான் அம்மணியை அடித்தார். நாங்கள் மூவரும் பதறி ஓடினோம். அவர் கோலூன்றி நின்றபடி, சுவருக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினார். பிள்ளைகளுக்காகச் செய்த அரிசெலு அதில் இருந்தது. நம் அதிரசமே அது. "மணி நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்தேன், நாயனா" என்றார்.

கேட்டது, அன்பர்களே. வரும் பண்டிகையிலும் அது கேட்குமாறு நம் கொல்லைகளை வைத்துக்கொள்வோமாக.